நடத்தை கெட்ட பச்சைக் கார்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவருடைய டிரைவிங் ஸ்கூலில், அடுத்தவருடைய காரில், அடுத்தவருடைய திட்டை வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தேன். அந்த இருபத்திரண்டு வருடத்தில் என் மாணவர்கள் சுவரைக் குறிவைத்திருக்கிறார்கள், குளத்தைக் குறிவைத்திருக்கிறார்கள், ஒருத்தர் நேராகப் போலீஸ் நிலையத்தையே குறிவைத்தார். ஒன்றிலும் மோதியதில்லை. கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் இருக்கும். என் கால் எப்போதும் அதன் மேல்தான். தூக்கத்தில்கூட அந்தக் கால் மிதிக்கிறது என்று என் கணவர் சொல்வார். பொய் சொல்லவில்லை, அவர் முழங்காலில் தழும்பு இருக்கிறது.

என் லைசென்ஸில் ஒரு கரும்புள்ளி கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன். கற்றுக்கொடுப்பவர் பெயரில் ஒரே ஒரு விபத்துக் குற்றம் பதிவானாலும் போதும், கற்றுக்கொடுக்கும் உரிமம் ஆயுசுக்கும் ரத்து. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

இந்த வருடம்தான் துணிந்து சொந்தமாக ஒரு கார் வாங்கினேன். பழைய கார், பச்சை நிறம், ஒரு பல் டாக்டர் பத்து வருடம் ஓட்டியது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இன்ஜின் தங்கம்க்கா. வெளியதான் அங்கங்க அடி வாங்கியிருக்கு" என்றார். இரண்டாவது பிரேக்கையும் அவரே பொருத்திக் கொடுத்தார். வீட்டு வாசலில் 'இங்கே கார் ஓட்டக் கற்றுத்தரப்படும்' என்று போர்டு மாட்டினோம். நான்காம் நாள் விபத்து.

அதை விபத்து என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தோம். ஓட்டுகிற இருக்கையில் என் முதல் மாணவரான மருந்துக்கடைக்காரர். வயது ஐம்பத்தெட்டு, மாத்திரை எண்ணுகிற நிதானத்தோடு கார் ஓட்டுகிறவர். பின்னால் மெத்தை ஏற்றிக்கொண்டு வந்த வேன் எங்களை முட்டியது. பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது, அவ்வளவுதான். வேன் டிரைவர் இறங்கி ஓடிவந்தார்.

"தப்பு என்னோடதுதான்க்கா. போனைப் பாத்துட்டே வந்துட்டேன். மன்னிச்சிருங்க, நானே சரி பண்ணிக் குடுத்துடறேன்" என்றார்.

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதர்! எனக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, "நான் ஒண்ணும் பண்ணலையே டீச்சர், நான் ஒண்ணும் பண்ணலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு சின்ன மோதல் ஆனாலும் ஒரு நாளுக்குள் விபத்து நன்னடத்தை வாரியத்தில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நான் சட்டத்தை மதிக்கிறவள். புத்தி கெட்டவள் என்றும் சொல்லிக்கொள்ளலாம். வேன் டிரைவரையும் மருந்துக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு மறுநாள் காலையிலேயே போனேன்.

வாரியம் நான்கு மாடிக் கட்டடம். சுவருக்குச் சுவர் 'வருந்தினீர்களா?' என்று எழுதி வைத்திருந்தார்கள். முற்றத்தில் பம்பர் கழன்றதும் கண்ணாடி உடைந்ததுமாக வண்டிகள் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு படிவத்தோடு வரிசையில் நின்றார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து மூன்றாம் ஜன்னலில் இருந்த எழுத்தர் என் வண்டி எண்ணைக் கேட்டு, ஒரு தடித்த பதிவேட்டைப் புரட்டி, விரலை ஓட்டி, உச்சுக் கொட்டினார்.

"அடடா, இந்த வண்டியா?"

"ஏன் சார், தெரிஞ்ச வண்டியா?"

"இது மேல மூணு கேஸ் இருக்கும்மா. ஒரு சைக்கிள், ஒரு குப்பைத்தொட்டி, ஒரு பல் ஆஸ்பத்திரிக் கதவு. சுபாவமே சரியில்ல."

"அதெல்லாம் டாக்டர் ஓட்டினப்ப நடந்தது சார். நான் வாங்கி அஞ்சு நாள்தான் ஆச்சு."

"டாக்டர் நல்ல மனுஷன்மா. அவர் பேர்ல ஒண்ணுமே கிடையாது, அதான் வித்துட்டாரே. கேஸ் எப்பவும் வண்டியோடதான் போகும். டயர், ஸ்டெப்னி, கேஸ் எல்லாம் சேத்துத்தான் வாங்கியிருக்கீங்க."

பிறகு விதியைப் பொறுமையாக விளக்கினார். இரண்டு வண்டி மோதினால் இரண்டின் நடத்தையையும் எடுத்துப் பார்ப்பார்கள். எதன் நடத்தை மோசமோ அதன் மேல்தான் குற்றம். மெத்தை வேன் போன மாதம் வாங்கியது. அதன் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"அது குழந்தை மாதிரிம்மா" என்றார் எழுத்தர்.

வேன் டிரைவர் என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினார். "சார், குழந்தையை நான்தான் ஓட்டினேன். நான்தான் இடிச்சேன். இவங்க சும்மா நின்னுட்டிருந்தாங்க."

எழுத்தர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று சொல்லி, 'அடுத்தவர் குற்றத்தைத் தானே ஏற்க முன்வந்தார்' என்று எழுதி, உள்ளே போய், கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். வேண்டாம் என்று அவர் எவ்வளவோ மன்றாடினார். பாராட்டைத் திருப்பி வாங்க அங்கே ஜன்னல் இல்லையாம்.

அடுத்து ஆய்வாளர் வந்தார். நுனியில் கண்ணாடி கட்டிய குச்சியும் அளக்கிற டேப்பும் வைத்திருந்தார். பின்னால் தொங்கிய பம்பரை அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. காருக்குள் தலையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"பிரேக் சார்."

"அது?"

"அதுவும் பிரேக்தான். கத்துக்குடுக்கற கார்ல ரெண்டு இருக்கும்."

"அப்ப ரெண்டு பேர் ஓட்டியிருக்கீங்க."

"யாரும் ஓட்டல சார், நின்னுட்டிருந்தோம்."

"ரெண்டு பேர் நிறுத்தியிருக்கீங்க" என்று திருத்திக்கொண்டார். "என் படிவத்துல ஒரு டிரைவருக்குத்தான் இடம். ரெண்டு டிரைவர்னா ரெண்டு படிவம். ரெண்டு படிவம்னா ரெண்டு விபத்து."

"முட்டினது ஒரு தடவைதானே சார்!"

"உங்களுக்கு ஒரு தடவை. அவருக்கு ஒரு தடவை."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. "பிரேக் அதிகமா இருந்தா விபத்து குறையத்தானே செய்யும்?" என்று கேட்டேன்.

"புள்ளிவிவரம் அப்படிச் சொல்லலியே. ஒரு பிரேக் இருக்கற வண்டியில ஒரு விபத்து. ரெண்டு பிரேக் இருக்கற உங்க வண்டியில ரெண்டு. நீங்களே பாத்துக்குங்க."

ஒரே வண்டிக்கு ஒரே நிமிடத்தில் இரண்டு விபத்து நடக்கக்கூடாது என்று இன்னொரு விதியும் இருந்தது. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிட இடைவெளி விட்டார். 'இடைப்பட்ட நிமிடத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பயந்துபோன மருந்துக்கடைக்காரர் 'முதல் விபத்தை நினைத்து வருந்தினேன்' என்று எழுதினார். ஆய்வாளர் அவரைத் தட்டிக்கொடுத்தார். நான் 'இந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்' என்று எழுதினேன். என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை.

போதும் சாமி என்று கிளம்பினோம். வாசலில் குறுக்குக் கம்பத்தைக் கயிற்றால் தூக்கிப் பிடித்திருந்த காவலாளி, சான்றிதழோடு போன வேன் டிரைவரைப் பார்த்து மரியாதையாக ஒரு சல்யூட் வைத்தார். சல்யூட் வைக்கக் கை வேண்டுமே, கயிற்றை விட்டுவிட்டார். கம்பம் நேராக என் பானெட்டின் மேல் விழுந்தது.

"ஐயோ, நான்தாம்மா விட்டுட்டேன்!" என்று காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் படிவத்தோடு ஓடிவந்தார். கம்பத்துக்குப் பதிவேடே கிடையாது. பதிவேடு இல்லாததால் அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆக, நடத்தை கெட்டது எது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"நான் நின்னுட்டுதான் இருந்தேன் சார்!" என்று கத்தினேன்.

"நின்னுட்டிருந்தேன்னுதான் போன தடவையும் சொன்னீங்க. நிக்கறப்பதான் உங்க வண்டி ரொம்ப ஆபத்தும்மா."

டாக்டர் காலத்தில் மூன்று, சிக்னலில் இரண்டு, கம்பத்தில் ஒன்று. ஆறு கேஸ் சேர்ந்துவிட்டால் வண்டி திருந்தாத வண்டி. என் காரை முற்றத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டு, சக்கரத்துக்குச் சங்கிலி போட்டார்கள். நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

வாரியத்தின் கடிதம் மூன்றாம் நாள் வந்தது. விசாரணைக்கு வந்து குற்ற ஒப்புதல் படிவங்கள் மூன்றிலும் கையெழுத்துப் போட்டால் வண்டியை விட்டுவிடுவார்களாம். என் கணவர் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவர். எழுத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் படித்துவிடுவார். படித்துவிட்டு, "ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு வண்டியக் கொண்டு வந்துடேன்" என்றார்.

"போட்டா என் உரிமம் போயிடும். அப்புறம் வண்டி எதுக்கு? வாசல்ல நிறுத்தி வேடிக்கை பாக்கவா?"

"போடலைன்னா வண்டி வராதே."

"ஆமா. போட்டாலும் பொழப்பு போச்சு, போடலைன்னாலும் போச்சு. நான் என்ன தப்பு பண்ணினேன்? சிவப்பு விளக்குல நின்னேன். நிக்கணும்னு இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் கூடவே ஆத்திரமும் வரும். கையில் இருந்த டம்ளரை நங்கென்று வைத்தேன். அவர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அப்ப போடாத" என்றார். "ஆனா அங்க போய்க் கத்தாத."

"கத்தாம எப்படிங்க போடாம இருக்கறது?"

அவர் கடிதத்தை மடித்து என் பையில் வைத்தார்.

விசாரணை அறை தரைத்தளத்தில், முற்றத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. வரிசை ஜன்னலுக்கு வெளியேதான் நின்றது. நீண்ட மேசைக்குப் பின்னால் வாரியத் தலைவர், பக்கத்தில் ஆய்வாளர், ஓரத்தில் எழுத்தர். மேசையின் இந்தப் பக்கம் நான், மருந்துக்கடைக்காரர், வேன் டிரைவர். வேன் டிரைவர் அந்தச் சான்றிதழை எங்கேயாவது விட்டுவிட்டுப் போகலாம் என்று கையோடு கொண்டு வந்திருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். ஒருத்தரைக்கூட நிரபராதின்னு அனுப்பினதில்ல. அவ்வளவு கவனமா விசாரிப்போம்."

"விசாரிக்கத்தான் இவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்திருக்கேன் சார். ரெண்டு பேரும் நேர்ல பாத்தவங்க."

"அதான் சிக்கலே. நேர்ல பாத்தவங்களுக்கு எப்பவும் ஒரு பக்கச்சார்பு வந்துடும். எங்களைப் பாருங்க, எந்த விபத்தையும் நாங்க பாத்ததில்ல. அதனாலதான் எங்களால நடுநிலையா இருக்க முடியுது." மேசை மேல் கையை விரித்துக்கொண்டார். "நான் வர்றதுக்கு முன்னெல்லாம் யாரு இடிச்சாங்கன்னு விசாரிச்சிட்டிருந்தாங்க. ஒவ்வொரு கேஸும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். யோசிக்க வேண்டியிருந்தது, ஊழியர்களுக்கெல்லாம் தலைவலி. இப்ப வண்டியோட சுபாவத்தைப் பாக்கறோம், பத்து நிமிஷத்துல நீதி கிடைச்சுடுது."

"நீங்க கார் ஓட்டுவீங்களா சார்?"

"கூடவே கூடாதும்மா. ஓட்டினா ஓட்டறவங்க மேல இரக்கம் வந்துடும்."

ஆய்வாளர் மூன்று படிவங்களையும் என் பக்கம் தள்ளி, பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். நான் பேனாவை வாங்கவில்லை. எந்தப் பலகையாக இருந்தாலும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று என் மாணவர்களுக்குச் சொல்லுவேன். முழுசாகப் படித்தேன். 'குற்றம் புரிந்தவர்' என்ற இடத்தில் என் பெயர் இல்லை. என் கார் எண் இருந்தது.

"சார், குத்தம் பண்ணினது யாரு?"

"வண்டி" என்றார் தலைவர்.

"நான்?"

"நீங்க உரிமையாளர். கையெழுத்துப் போடறவங்க."

"இங்க 'குற்றம் புரிந்தவரின் கையெழுத்து'ன்னு போட்டிருக்கு. குத்தம் பண்ணினது வண்டின்னு நீங்களே சொல்றீங்க. அப்ப வண்டிதானே போடணும்?"

எழுத்தர் சிரித்துவிட்டார். "வண்டிக்கு எழுதத் தெரியாதேம்மா."

"அதுக்கும் வழி சொல்லியிருக்கீங்க சார். கீழ பாருங்க. 'குற்றம் புரிந்தவருக்கு எழுதத் தெரியாவிட்டால் ரேகை பதிக்கலாம். இரு சாட்சிகள் தேவை.'"

தலைவர் படிவத்தைக் கையில் எடுத்தார். பதினெட்டு வருடத்தில் அதை அவர் படிப்பது அதுதான் முதல் தடவை என்பது முகத்திலேயே தெரிந்தது. உதடு அசைய இரண்டு முறை படித்தார்.

"சுபாவம் வண்டியோடதும்மா, பொறுப்பு உங்களோடது" என்று இழுத்தார்.

நான் எழுந்துவிட்டேன். ஓடுகிற இன்ஜினுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை எனக்கு. ஜன்னலும் திறந்திருந்தது.

"பொறுப்பு என்னோடதுன்னா என்னோட நடத்தையைப் பாருங்க! இருபத்திரண்டு வருஷம், ஒரு கேஸ் காட்டுங்க பாக்கலாம்! என்னைப் பாக்க மாட்டீங்க, இடிச்சவரே ஒத்துக்கிட்டாலும் கேக்க மாட்டீங்க, வண்டியத்தான் பாப்பீங்கன்னா தண்டனையையும் வண்டிக்கே குடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார். வண்டி குத்தவாளின்னா அது ரேகை வைக்கட்டும். இல்ல, வண்டியால எப்படிக் குத்தம் பண்ண முடியும்னு சொல்றீங்களா, அதையும் எழுதிக் குடுங்க. பதினெட்டு வருஷமா வண்டி மூஞ்சியப் பாத்து எழுதின தீர்ப்பெல்லாம் தப்புன்னு எழுதிக் குடுங்க. வெளிய நிக்கறவங்களுக்கு நானே படிச்சுக் காட்டறேன்!"

வெளியே வரிசை மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. தலைவர் அதைப் பார்த்தார். மாடிப் படிக்குக் கீழே கூரை வரை அடுக்கியிருந்த பதினெட்டு வருடக் கோப்புகளையும் பார்த்தார். பிறகு எழுத்தரிடம் மெல்லிய குரலில், "மை எடுத்துட்டு வாங்க" என்றார்.

முத்திரைக்கு ஊற்றுகிற ஊதா மை, பெரிய டப்பாவோடு வந்தது. எல்லோரும் முற்றத்துக்குப் போனோம். சக்கரத்துச் சங்கிலியைக் கழற்றினார்கள். முதல் படிவத்தைத் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தார் ஆய்வாளர். டப்பாவை வாங்கி முன் டயருக்கு நானே மை பூசினேன். காரில் ஏறப்போனபோது ஆய்வாளர் தடுத்தார்.

"நீங்க ஓட்டினா அது உங்க கையெழுத்தாயிடும். விதிப்படி வண்டி தானா வந்து வைக்கணும்."

"நியாயம்தான் சார்" என்று ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு ஒதுங்கி நின்றேன். "தள்ளுங்க."

ஆய்வாளர் தள்ளினார். கார் நகரவில்லை. எழுத்தர் சேர்ந்து தள்ளினார், காவலாளி வந்து கை கொடுத்தார். அப்போதும் காலடி அளவுதான் நகர்ந்தது. சாட்சிகள் தொடக்கூடாது என்று மருந்துக்கடைக்காரர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசியில் தலைவரே கோட்டைக் கழற்றிக் காவலாளியின் நாற்காலியில் போட்டுவிட்டு வந்து குனிந்தார்.

"மெதுவா சார், மெதுவா! ஒரே சீரா! அவசரப்படாதீங்க, நேராப் பாருங்க!" என்றேன். பழக்கதோஷம்.

முதல் படிவத்தில் ரேகை அழகாக விழுந்தது, வரி வரியாக. ஆனால் விபத்து மூன்று அல்லவா? ஒன்றோடு விட்டிருந்தால் ஒரு தடவையோடு போயிருக்கும், இரண்டாக்கியது அவர்கள்தான், மூன்றாவதை மேலேயே போட்டதும் அவர்கள்தான். காரைப் பின்னால் தள்ளி, மறுபடி மை பூசி, மறுபடி தள்ளினார்கள். மூன்றாவது படிவம் முடிந்தபோது தலைவரின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வேன் டிரைவர் மூன்றிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மருந்துக்கடைக்காரர் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார்.

"இப்ப இதையும் நிரப்புங்க சார்" என்று தலைவரிடம் படிவத்தைக் காட்டினேன். 'ஓட்டுநர் மேல் உள்ள குற்றம்' என்ற இடம் காலியாக இருந்தது.

மூச்சு வாங்க, காரின் மேலேயே படிவத்தை வைத்து, 'குற்றம் இல்லை' என்று எழுதினார். மூன்றிலும் எழுத வைத்தேன். மூன்றிலும் முத்திரை குத்த வைத்தேன். பிரதிகளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே காட்டவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததை மட்டும் மறைக்க முடியவில்லை.

காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். மருந்துக்கடைக்காரரும் வேன் டிரைவரும் பின்னால் ஏறினார்கள். யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். முன் சக்கரம் வளைந்த ஸ்கூட்டரோடு வரிசையில் நின்ற ஒரு பெண், கையில் படிவம். அவளுக்குப் பின்னால் ரொட்டி வேன்காரர், அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர், வரிசையை விட்டு வண்டிகளை உருட்டிக்கொண்டே வந்திருந்தார்கள்.

"அக்கா, அந்த மை மிச்சம் இருக்கா?"

டப்பா என் காலடியில்தான் இருந்தது, முக்கால்வாசி மையோடு. எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் நகரவில்லை. டப்பாவின் மேல் ஒட்டியிருந்த வாரியத்தின் சீட்டைப் பார்த்தாள். மாடிப் படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த தலைவரைப் பார்த்தாள்.

"இது அவங்க சொத்தாச்சேக்கா. யாரு எடுத்தாங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

கியரைப் போட்டேன்.

"என் வண்டிதான் எடுத்துச்சுன்னு சொல்லும்மா. அதோட சுபாவம்தான் அவங்களுக்கே தெரியுமே."